'யாருக்குப் போட்டாய்?' என்று இன்னும் கேட்கிறார்கள்

வாசகியின் கடிதம்

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரிக்கும் இராயக்கோட்டைக்கும் நடுவே, மாந்தோப்புகள் சூழ்ந்த ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் என் பெயரும் வேண்டாம். வயது 46. இரண்டு கறவை மாடுகள், ஒன்றரை ஏக்கர் மா, கொஞ்சம் கேழ்வரகு. மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டோம். மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரிடம் வாயைத் திறந்தாலும் "உனக்கென்ன குறை?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

கார்த்திகை தீபம் முடிந்து பனி இறங்கத் தொடங்கியதும் எனக்கு உடம்பும் மனமும் ஒன்றாக விழுந்துவிடுகின்றன. விடியற்காலை மூன்றரை மணிக்கே விழிப்பு வந்துவிடும். அதன் பிறகு தூக்கம் கிடையாது. பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். அந்த வெயிலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சித்திரை வெயிலில் நாள் முழுக்க நின்று வேலை செய்திருக்கிறேன். அது ஒன்றும் செய்வதில்லை. மார்கழி வெயில் மஞ்சளாக, சாய்வாக, கரட்டின் தெற்கு ஓரத்திலிருந்து வந்து தோப்புக்குள் நீளநீளமாக விழுகிறது. புல்லில் பனி காயாமல் இருக்கும். மாமரங்களில் அப்போதுதான் பூ எடுத்திருக்கும். அதைப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொள்கிறது, கண்ணீர் தானாக வருகிறது. பொங்கல் போனால் சரியாகும் என்று பார்த்தால், பொங்கலுக்குப் பிறகும் விடிவது தள்ளிக்கொண்டே போவதாகத் தோன்றுகிறது. மாசி பிறந்தால்தான் மூச்சு விட முடிகிறது. குளிர்காலத்தில் வெளிச்சம் குறைவதால் ஒரு மனநோய் வரும் என்று பக்கத்து வீட்டுப் பெண் கைபேசியில் பார்த்துவிட்டுச் சொன்னாள். எனக்கு வந்திருப்பது அதுதானா?

வீட்டுக் கதையைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. நான் கட்டிக்கொண்டது சொந்த அத்தை மகனை. என் மாமியார் அப்பாவின் உடன்பிறந்த தங்கை. பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே ஊர். நடுவில் ஒரு கேழ்வரகுக் கொல்லை, ஒரு கிணறு, அவ்வளவுதான். எங்கள் மாட்டுக் கொட்டகையில் நின்று பார்த்தால் அப்பா வீட்டுத் திண்ணை தெரியும். தெற்குப் பார்த்த வீடு என்பதால் மார்கழியில் அந்தத் திண்ணையில்தான் முதலில் வெயில் விழும். இரண்டு வீட்டாரும் அங்கேதான் வந்து உட்காருவார்கள்.

அவரை காய்க்கும் மாதம் அது. முதல் நாள் இரவே அவரைக்கொட்டையை ஊறவைத்துவிட்டு, காலை வெயிலில் பெரிய தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து பிதுக்குவோம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினால், தோல் கையில் நின்றுவிடும். பருப்பு வழுக்கிக்கொண்டு தாம்பாளத்தில் விழும். அப்பாவும் வந்து உட்காருவார். "ஆம்பிளைக்கு இங்கே என்ன வேலை, எழுந்து போ அண்ணா" என்று அத்தை விரட்டுவார். ஆனால் அப்பாவின் விரல்தான் எல்லோரையும்விட வேகம். மதியம் களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் ஒரே அடுப்பில் இரண்டு வீட்டுக்கும் ஆகும். சாயங்காலம் வரைக்கும் விரல் நுனியில் அவரை வாசனை போகாது.

2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அதற்கு முன் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஊராட்சிக்குத் தலைவரே இல்லை. என் அண்ணன் தலைவர் பதவிக்கு மனு போட்டார். அதைக் கேள்விப்பட்டு என் கொழுந்தனாரும் மனு போட்டார். ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஆனாலும் யாருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஊருக்குத் தெரியும். அப்பா இருவரையும் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். இருவருமே "அவன் வாபஸ் வாங்கட்டும்" என்றார்கள்.

எங்களுக்கு வாக்குப்பதிவு 27ஆம் தேதி. 26ஆம் தேதி காலையில் சூரிய கிரகணம். எட்டு மணி சுமாருக்குப் பிடித்தது, விட்டபோது பதினொன்று தாண்டிவிட்டது. ஒன்பதரை மணிக்கு வெயில் இருந்தது, ஆனால் அதில் சூடு இல்லை. பலமுறை துவைத்த துணி போல வெளுத்துக் கிடந்தது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது. அப்பா மட்டும் இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டுப் புளிய மரத்தடியில் நிறுத்தி, "மேலே பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள்" என்றார். இலைச் சந்துகளில் விழுந்த வெளிச்சப் பொட்டுகள் அத்தனையும் பிறைகளாக இருந்தன. என் கொழுந்தனாரின் சின்ன மகள் குனிந்து அவற்றைக் கையில் அள்ளப் பார்த்தாள். அண்ணனும் வந்தார், கொழுந்தனாரும் வந்தார். யாரும் தேர்தலைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு வீடும் ஒன்றாக நின்றது அதுதான் கடைசி.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஓட்டு. நான்கு வாக்குச்சீட்டுகள் கொடுத்தார்கள். தலைவருக்கானது இளஞ்சிவப்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டு மறைப்புக்குள் நின்றபோது எனக்கு வியர்த்துவிட்டது. முத்திரை வைத்து, மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

ஜனவரி 2ஆம் தேதி எண்ணத் தொடங்கி இரவெல்லாம் எண்ணினார்கள். மிகச் சில வாக்குகளில் அண்ணன் ஜெயித்தார். எங்கள் வீட்டில் நோட்டு ஒன்றை எடுத்து, எங்கள் வார்டில் யார் யார் போட்டார்கள் என்று பெயர் பெயராக எழுதிக் கணக்குப் பார்த்தார்கள். என் பெயருக்கு நேரே கேள்விக்குறி போட்டிருந்தது. கற்பூரம் ஏற்றி வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். நான் செய்யவில்லை. அங்கே போனால் அண்ணி, "நீயும் எங்களுக்குப் போட்டிருந்தால் வித்தியாசம் கூடியிருக்குமே" என்றார். இங்கேயும் சந்தேகம், அங்கேயும் சந்தேகம். என் ஓட்டை நான் யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லப் போவதில்லை, மன்னியுங்கள்.

அதற்குப் பிறகு எங்கள் தெருக் கம்பத்தில் விளக்கு போனால் மாதக்கணக்கில் மாற்ற ஆள் வரவில்லை. மார்கழியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பிள்ளைகள் டியூஷன் முடிந்து தடவிக்கொண்டு வருவார்கள். ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வரும் நேரமும் குறைந்தது. தற்செயல் என்றார் அண்ணன். கொழுந்தனார் பங்குக்கு, நூறு நாள் வேலையில் முறைகேடு என்று மனுமேல் மனு போட்டார். ஒன்றும் நிரூபணமாகவில்லை.

இருட்டிய பிறகு பின்வழியாகப் போய் அம்மாவைப் பார்த்து வருவேன். பகலில் போனால் எங்கள் வீட்டில் பேச்சு வரும். காலையில் நான் கொட்டகையில் நிற்பது தெரிந்தால் அப்பா திண்ணையிலிருந்து கையை உயர்த்துவார். நானும் உயர்த்துவேன். 2021 மார்கழியில் அவர் போய்விட்டார். எங்கள் வீட்டார் வந்தார்கள், மாலை போட்டார்கள், தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினார்கள். அத்தை அழவில்லை. அதிலிருந்து அவர் முன்வாசலில் உட்கார்ந்து வெயில் காய்வதும் இல்லை. கொட்டகைக்குப் பின்னால், வெயிலே வராத பக்கம் போய் உட்காருகிறார். வயதாகிவிட்டால் புத்தி அப்படித்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு எல்லோருடைய பதவிக் காலமும் முடிந்து, இப்போது தனி அலுவலர் நிர்வாகம். தேர்தல் வருகிறதோ இல்லையோ, பேச்சு வந்துவிட்டது. இந்த முறை எங்கள் ஊர் பெண்களுக்கு ஒதுக்கப்படும் என்கிறார்கள். அண்ணன் தன் மனைவியை நிறுத்தப் போகிறாராம். கொழுந்தனார் என்னிடம், "அண்ணி, நீங்கள் நின்றால் இரண்டு பக்க ஓட்டும் விழும்" என்கிறார். அது காதில் விழுந்து, "அவள் எதிர்த்து நின்றால் அப்பா ஆத்மா சாந்தியடையாது" என்று அம்மாவிடம் சொல்லி அனுப்புகிறார் அண்ணன். என் கணவரைக் கேட்டால் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விடுகிறார்.

நான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் அம்மா? இந்த வெயில் ஏன் என்னை இப்படிச் செய்கிறது?

இப்படிக்கு,
ஒரு வாசகி

ஆலோசகரின் பதில்

அன்புச் சகோதரி,

உங்கள் ஓட்டை என்னிடம் சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்தபோதுதான் உங்கள்மேல் எனக்குப் பெரிய மதிப்பு வந்தது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் வெயில்.

பக்கத்து வீட்டுப் பெண் சொன்ன நோய் உண்மையிலேயே இருக்கிறது. பருவகால மனச்சோர்வு என்று அதைச் சொல்லலாம். 1984இல் நார்மன் ரோசென்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் அதை விவரித்து எழுதினார்கள். வடக்கே வெகுதூரத்தில் இருக்கும் நாடுகளில் அது அதிகம். நார்வேயின் டிரோம்சோ நகரத்தில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதே இல்லை. உங்கள் ஊர் நிலைமை வேறு. கிருஷ்ணகிரியில் ஆண்டிலேயே குறுகிய பகல்கூட 11 மணி 20 நிமிடங்களுக்குக் குறைவதில்லை. நீண்ட பகலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். நீங்களோ விடிந்ததிலிருந்து வெட்டவெளியில் இருப்பவர். தவிர, அந்தச் சோர்வு வந்தவர்கள் பெரும்பாலும் அதிகமாகத் தூங்குவார்கள், அதிகமாகச் சாப்பிடுவார்கள். உங்களுக்கு இருப்பது மூன்றரை மணி விழிப்பு. எனவே வெளிச்சம் குறைவதால் வந்த நோய் என்று நான் நினைக்கவில்லை.

பொங்கலுக்குப் பிறகும் விடிவது தள்ளிப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது உங்கள் பிரமை இல்லை. டிசம்பர் 21, 22 வாக்கில் பகல் மிகக் குறுகியது என்றாலும், பூமி சாய்ந்து சுற்றுவதாலும் அதன் பாதை முழு வட்டமாக இல்லாததாலும், நம் பகுதியில் மிகத் தாமதமான சூரிய உதயம் ஜனவரி கடைசியில்தான் வருகிறது. வெயில் சாய்வாக வருவதும் அப்படியே. மார்கழியில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கிறது. அதனால்தான் கரட்டின் தெற்கு ஓரத்தில் தெரிகிறது, அதனால்தான் உங்கள் அப்பா வீட்டுத் திண்ணைக்கு முதலில் வந்து சேர்கிறது. உங்கள் கண் சரியாகத்தான் பார்க்கிறது. மனம் கலங்கியிருக்கும் பெண்ணிடம் "நீயாகக் கற்பனை செய்துகொள்கிறாய்" என்று சொல்ல ஊரில் ஆட்கள் நிறைய உண்டு. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதினேன்.

அந்த வெயில் ஏன் கண்ணீரைக் கொண்டுவருகிறது? உங்கள் கடிதத்தில் உள்ள நாட்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். அவரை பிதுக்கியது மார்கழி. கிரகணம் மார்கழி. ஓட்டுப் போட்டது, எண்ணியது, கற்பூரம் ஏற்றிச் சத்தியம் கேட்டது எல்லாம் மார்கழி. அப்பா போனதும் மார்கழி. நல்லதும் கெட்டதும் ஒரே வெளிச்சத்தில், ஒரே குளிரில் நடந்திருக்கின்றன. நடந்ததை மட்டும் நாம் நினைவில் வைப்பதில்லை; அப்போது இருந்த வெளிச்சம், வாசனை, குளிர் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் அது மனதில் பதிகிறது. அவற்றில் ஒன்று திரும்பி வந்தால், நீங்கள் நினைக்காமலே மற்றவையும் எழுந்து வருகின்றன. இழப்பு நடந்த பருவம் வரும்போதெல்லாம் துக்கம் புதிதாவதை நாங்கள் ஆலோசனையில் அடிக்கடி பார்க்கிறோம். நோய் என்று அதைச் சொல்வதில்லை. உங்கள் விஷயத்தில் அது ஆறாமல் இருப்பதற்குக் காரணம், அந்தத் துக்கத்தைப் பகலில் அழுது தீர்க்கக்கூட உங்களுக்கு இடம் இல்லாமல் போனதுதான். தந்தையை இழந்த மகள் தன் தாயைப் பார்க்க இருட்டும்வரை காத்திருக்கிறாள். இதைப் படித்து எனக்கே மனம் ஆறவில்லை.

ஒரு விஷயத்தை விட்டுவிடக் கூடாது. 46 வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்களும் அதிகாலை விழிப்பையும் அழுகையையும் கொண்டுவரும். இரத்தசோகையும் தைராய்டுக் குறைவும் உடம்பை இப்படியே விழச் செய்யும். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் இவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அங்கேயே மனநலப் பிரிவிலும் காட்டலாம். தொடர்ந்து இரண்டு வாரம் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடு இறங்காமல் போனாலோ, உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலுமோ, நாளைக்கு என்று தள்ள வேண்டாம். 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இனி ஓட்டு. அந்த நோட்டில் உங்கள் பெயருக்கு நேரே என்ன குறி இருந்தது என்பது பற்றி எனக்கு அக்கறை இல்லை. உங்கள் பெயரை அதில் எழுதியதே தவறு. வாக்குச்சாவடியில் அட்டை மறைப்பு வைப்பது, அங்கே வேலை செய்யும் ஊழியர்களை இரகசியம் காக்கும்படி கட்டுப்படுத்துவது எல்லாம் எதற்கு? வீட்டில் அதிகாரம் உள்ளவரும் பணம் உள்ளவரும், உறவு என்ற பெயரில் வருகிறவரும், அந்த மறைப்புக்குள் நுழையக் கூடாது என்பதற்காகத்தான். உங்கள் கணவர் வீட்டார் கற்பூரத்தோடு நுழையப் பார்த்தார்கள். உங்கள் அண்ணி உரிமைப் பேச்சோடு நுழையப் பார்த்தார். இருவரையும் நீங்கள் உள்ளே விடவில்லை. அவ்வளவு பேர் சுற்றி நிற்க, ஒற்றை ஆளாக அதைச் செய்திருக்கிறீர்கள். அது துரோகம் என்று யார் சொன்னாலும், எத்தனை ஆண்டுகள் சொன்னாலும், நம்பாதீர்கள்.

நெருங்கிய சொந்தத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்களில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்ததும் இப்படிச் சில பெண்கள் வருவார்கள். ஆண்கள் மோதிக்கொள்வார்கள், தூது போவது, பழி ஏற்பது, இரு பக்கமும் சமாதானம் சொல்வது எல்லாம் அந்த வீட்டுப் பெண் தலையில் விழும். நீங்கள் தூது போவதை நிறுத்துங்கள். அண்ணனிடம் ஒரு முறை, கொழுந்தனாரிடம் ஒரு முறை, குரல் உயர்த்தாமல் சொல்லிவிடுங்கள்: "அந்த வீட்டுச் செய்தியை என்னிடம் கேட்காதீர்கள். இந்த வீட்டுச் செய்தியை அங்கே கொண்டுபோகவும் மாட்டேன். என் ஓட்டைப் பற்றி இனிமேல் பேச மாட்டேன்." விளக்கம் தர வேண்டாம். மறுபடி கேட்டால் இதே வார்த்தைகளை மறுபடி சொல்லுங்கள். சில வாரங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் ஆத்மாவைச் சொல்லி உங்களைத் தடுக்கிறார் அண்ணன். தேர்தலுக்கு முந்தின நாள் இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே மரத்தடியில் நிறுத்தியவர் அந்த அப்பா. அவர் பெயரால் ஒரு பக்கத்துக்கு ஓட்டுக் கேட்கும் உரிமையை அவர் யாருக்கும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. அண்ணனுக்கும் இல்லை, கொழுந்தனாருக்கும் இல்லை.

தேர்தலில் நிற்பதா? "எந்தப் பக்கம்?" என்று கேட்டீர்கள். உங்களுக்கு அந்தப் பதவியில் விருப்பம் உண்டா என்று இதுவரை ஒருவரும் உங்களைக் கேட்கவில்லை போலிருக்கிறது. தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று 2016இல் சட்டம் வந்தது, பெண்கள் அதிகாரத்தில் உட்கார வேண்டும் என்பதற்காக. கொழுந்தனார் தோற்ற கணக்கை நேர்செய்யும் கருவியாகவோ, அண்ணிக்கு எதிராக வீசும் கல்லாகவோ நீங்கள் நிற்கக் கூடாது. அப்படி நின்றால் ஜெயித்தாலும் கையெழுத்து மட்டும்தான் உங்களுடையதாக இருக்கும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்றைக் கவனித்தேன். வெயிலைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் எழுதிய இடங்களில் தயங்கித் தயங்கி எழுதிய நீங்கள், தெருவிளக்கையும் ஒகேனக்கல் தண்ணீரையும் பற்றி எழுதும்போது தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். கிணற்று நீரில் புளூரைடு கலந்து பல்லிலும் எலும்பிலும் பாதிப்பைக் கண்ட மாவட்டங்கள் உங்களுடையதும் தருமபுரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது அதற்காகத்தான். அந்தத் தண்ணீர் யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள் என்று பார்த்து ஒரு தெருவுக்கு வரக் கூடாது. இதைக் கேட்க நீங்கள் வேட்பாளராக இருக்க வேண்டியதில்லை. தனி அலுவலர் நிர்வாகத்திலும் கிராம சபை கூடும். ஜனவரி 26 வருகிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் அங்கே பேசலாம். எழுந்து நின்று, விளக்கையும் தண்ணீரையும் பற்றி மட்டும் பேசி, தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். அண்ணனின் நிர்வாகத்தைக் குறை சொல்ல வேண்டாம், கொழுந்தனாரின் மனுக்களை இழுக்கவும் வேண்டாம். ஊரார் உங்களை இன்னாருடைய தங்கை, இன்னாருடைய அண்ணி என்றில்லாமல் பார்க்கப் போகும் முதல் நாள் அதுவாக இருக்கலாம். சில கூட்டங்கள் போய்ப் பேசிய பிறகு, தலைவர் வேலை உங்களுக்கு வேண்டுமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். வேண்டும் என்று தோன்றினால் நில்லுங்கள். எதிரே அண்ணி நின்றாலும் அது பாவமில்லை. வேண்டாம் என்றால் இரண்டு வீட்டுக்கும் அதே பதிலைச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய வரி உங்களைப் பற்றியதில்லை. உங்கள் அத்தை வெயிலே வராத பக்கம் போய் உட்காருகிறார் என்று எழுதிவிட்டு, வயதாகிவிட்டால் புத்தி அப்படித்தான் என்று கடந்து போயிருக்கிறீர்கள். சகோதரி, முன்வாசலில் உட்கார்ந்தால் அவருக்கு என்ன தெரியும்? அண்ணன் வீட்டுத் திண்ணை தெரியும். கூடப்பிறந்தவர் இறந்துவிட்டார். தோற்ற வேட்பாளரின் தாயாக அந்த வாசலில் நின்றார். வாய்விட்டு அழுதால் மகன் கோபித்துக்கொள்வான், அழாவிட்டால் ஊர் பேசும். அவர் அழாமல் திரும்பிவிட்டார். நான்கு ஆண்டுகளாக மார்கழி வெயிலுக்கு முகம் காட்டாமல் இருக்கும் பெண்கள் உங்கள் வீட்டில் இரண்டு பேர். ஒருவருக்கு அப்பா, இன்னொருவருக்கு அண்ணன். ஒரே மனிதருக்காக, ஒரே கூரையின் கீழ், தனித்தனியாகத் துக்கப்படுகிறீர்கள்.

இந்த மாதமே அவரைக்கொட்டை ஊறவையுங்கள். தாம்பாளத்தை வெயில் விழும் இடத்தில் வைத்துவிட்டு அத்தையைக் கூப்பிடுங்கள். சமாதானம் என்ற பேச்சை எடுக்காதீர்கள், தேர்தலை எடுக்காதீர்கள். "அப்பா சின்ன வயதில் எப்படி இருப்பார் அத்தை?" என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத உங்கள் அப்பாவை அறிந்தவர் இப்போது அவர்தான். அழுதால் அழட்டும், நீங்களும் அழலாம். எழுந்து போய்விட்டால் போகட்டும், இரண்டு நாள் விட்டு மறுபடி கூப்பிடுங்கள். இதை நான் உங்களுக்கு மருந்தாகவே சொல்கிறேன்.

அம்மாவைப் பார்க்கப் பகலில் போகத் தொடங்குங்கள். அனுமதி கேட்கும் தொனியில் வேண்டாம். "சொசைட்டியிலிருந்து வரும் வழியில் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று கணவரிடம் தகவலாகச் சொல்லுங்கள். இதற்காக யாராவது கை ஓங்கினாலோ மிரட்டினாலோ, அது குடும்பச் சண்டை என்ற கணக்கில் வராது. பெண்கள் உதவி எண் 181ஐ அழையுங்கள்.

கணவர் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வெளியே போவதை நான் அலட்சியமாகப் பார்க்கவில்லை. ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் மனைவி, நடுவில் வாய் திறக்கத் தெரியாத மனிதர் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் தேர்தல் தேதி அறிவித்ததும் உங்கள் பெயரைக் கேட்டு வருகிறவர்கள் முதலில் அவரிடம்தான் வருவார்கள். அதற்கு முன்னால், வீட்டில் வேறு ஆள் இல்லாத ஒரு நேரத்தில் அவரை உட்காரவைத்து, "என்னைக் கேட்காமல் என் பெயரை யாருக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்